கவலை பூட்டிய கட்டுரை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், துடியலூருக்கு வடக்கே இருந்த எங்கள் தோட்டத்துக்குக் கரண்ட் மோட்டார் இன்னும் வரவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்கு வந்துவிட்டது. எங்களுக்குக் கவலைதான். வெளியூர்க்காரர்களுக்காக இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் கவலை என்பது மாடு கட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பது. இரண்டு காளைகளைப் பூட்டிச் சரிவில் இறக்கி ஓட்டினால், வடக்கயிறு இழுபட்டு, பறி என்கிற தோல்சால் நிறையத் தண்ணீர் மேலே வரும். மனதில் வருகிற துயரத்துக்கு எங்கள் வீட்டில் வேறு சொல் உண்டு: விசனம். பேச்சில் அது வெசனம்.

இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு என் மகளின் படிப்பு நின்றுபோகப் பார்த்தது.

நான் நான்காம் வகுப்பு வரை படித்தவன். என் அண்ணன் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. தோட்டமும் அடுப்பும் எல்லாருக்கும் ஒன்றுதான். அச்சடித்த தாள் என்று எங்கள் வீட்டில் இருந்தது பஞ்சாங்கம் மட்டும். ஊர்ப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார், ஒரே அறை. அவரும் எங்கள் பக்கத்துக்காரர், எங்களைப் போலவே பேசுவார். அந்தப் பள்ளியில் ஐந்தாவதை முடித்த மகளைக் கோயமுத்தூரில் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்க்க நான் ஆசைப்பட்டேன். அதற்கு நுழைவுப் பரீட்சை எழுத வேண்டும்.

அண்ணன் சிரித்தார். "அஞ்சாப்பு முடிச்சாச்சு. இன்னும் படிச்சு என்ன கலெக்டராவா ஆகப்போகுது?"

கதவுக்குப் பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. அவள் அண்ணனிடம் நேராகப் பேசமாட்டாள். சுவரைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொல்லுவாள். "ஆனா ஆகட்டுமுங்க, வேண்டாம்னா சொல்லப்போறோம்."

கடைசியில் அண்ணன் ஒரு முடிவு சொன்னார். "ஒரே ஒருக்கா பரீட்சை எழுதட்டும். தேறுனாப் போகட்டும். தேறலீன்னா அடுத்த வருசம்ங்கிற பேச்சே வரக்கூடாது, தம்பி." நான் ஒத்துக்கொண்டேன்.

பரீட்சை முடிந்து, நான் காத்திருந்த பள்ளி வாசலுக்கு மகள் ஓடி வந்தாள். முகம் பூராவும் சந்தோஷம்.

"ஏனுங்கப்பா, கணக்குப் பூராத்தையும் போட்டுப்போட்டனுங்க. தமிழு அதைய விடச் சுலுவுங்க. கவலையப் பத்திப் பத்து வரி எழுதச் சொன்னாங்க. நான் இருவது வரி எழுதிப்போட்டேன்."

எனக்கு அங்கேயே சந்தேகம் தட்டியது. "என்னங்க கண்ணு எழுதுனீங்க?"

"கவலை இல்லாட்டிப் பயிரு காஞ்சுபோகும்னு எழுதுனனுங்க. காலங்காத்தால பெரியப்பா கவலை பூட்டுவாரு, மாடு எறங்கறப்பப் பாட்டுப் பாடுவாரு, நான் மடை மாத்துவேன், எல்லாம் எழுதுனனுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பக்கத்துல ஸ்டேசன் மாஸ்டர் புள்ள இருந்துச்சுங்க. அது, கவலைப்படக் கூடாதுன்னு எழுதுச்சாமுங்க. கவலை எப்படிங்கப்பா படும்?"

நான் அவளைக் காபி கிளப்புக்குக் கூட்டிப்போய் இட்லி வாங்கிக் கொடுத்தேன்.

அந்தச் சொல்லின் இன்னொரு பொருள் எனக்குத் தெரியும். பள்ளியில் கற்றதல்ல, பஸ் நிற்கும் இடத்துக் கடையில் பத்திரிகை படித்துத் தெரிந்துகொண்டது. ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்குத் தினமும் பத்திரிகை வரும். அவர் வாய்விட்டுப் படிப்பாராம். அந்த வீட்டுக் குழந்தைக்கு அந்தச் சொல் சமையலறைச் சொம்பு மாதிரி, எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருந்திருக்கிறது. என் மகளுக்குக் கைக்கெட்டியது பறியும் வடக்கயிறும். இருவரும் தங்கள் வீட்டில் கேட்டதைத்தான் எழுதினார்கள். ஒருத்தி எழுதியது சரி, மற்றவள் எழுதியது தவறு. அதில் குழந்தைகளின் புத்தி எங்கே வந்தது என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன்.

மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் கோபப்பட்டாள். "ஏனுங்க, புள்ள தப்பா எழுதலையே? கேட்டவிங்கதான் தப்பாக் கேட்டிருக்காங்க." சற்றுப் பொறுத்து, "இதையக் கொண்டுபோய் உங்கண்ணங்கிட்ட சொல்லிப்போடாதீங்க" என்றாள்.

அடுத்த வாரம், மகளைக் கூட்டிக்கொண்டு வரும்படி பள்ளியிலிருந்து ஆள் வந்து சொன்னார். தலைமையாசிரியை திருநெல்வேலிப் பக்கத்து அம்மாள். அவருக்கு அருகில் தமிழ்ப் பண்டிதர், விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தாளின் மேல் பெரிய சிவப்புச் சுழி.

"கணக்கில் இந்தக் குழந்தைக்குத்தான் முதல் இடம்" என்றார் பண்டிதர். "ஆனால் தமிழில், கவலையைப் பற்றி எழுதச் சொன்னால் மாட்டை ஓட்டியிருக்கிறது. நான் எப்படி மார்க் போடுவது?"

தலைமையாசிரியை மகளைக் கேட்டார். "நீ எழுதினது என்னதும்மா?"

மகள் பயப்படவில்லை. ஒரு கையைக் கிணறாகவும் இன்னொரு கையை மாடாகவும் வைத்து இறக்கி ஏற்றிக் காட்டினாள். அம்மாள் சிரித்துவிட்டார்.

"எங்க ஊர்ல இதுக்குக் கமலைன்னு பேரு, ஐயா. ஒரு எழுத்துதான் வித்தியாசம்."

"ஒரு எழுத்து மாறினால் பொருள் மாறும் என்றுதானே அம்மா நான் சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்கிறேன்?" என்றார் பண்டிதர். அவர் சொன்னதும் நியாயம்தான்.

அம்மாள் மறுபடி மகளிடம் திரும்பினார். "மனசுல பாரமா இருந்தா உங்க வீட்டுல அதை என்னன்னு சொல்லுவீங்க?"

"அது வெசனமுங்க. கவலை கெணத்துல இருக்குதுங்க."

பண்டிதர் தாளை மேசைமேல் வைத்தார். "விசனமா? நல்ல சொல்லாயிற்றே! வேறு யாருமே அதை எழுதவில்லையே." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "சரி. உட்கார். விசனத்தைப் பற்றிப் பத்து வரி எழுது. இருபது வேண்டாம்."

மகள் மூலையில் உட்கார்ந்து எழுதினாள். நான் சுவரிலிருந்த தேசப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த ஊரும் கண்ணில் படவில்லை. எழுதி முடித்ததும் பண்டிதர் வாங்கிப் படித்தார். ஒரு வரியை மட்டும் வாய்விட்டுப் படித்தார்.

"'மாடு படுத்துக்கொண்டால் பெரியப்பாவுக்கு விசனம். பெரியப்பா பாடாமல் இருந்தால் எங்கள் எல்லாருக்கும் விசனம்.'"

பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தார். "ஊடு இல்லை, வீடு. இரண்டு இடத்தில்." திருத்தினார். ஓரத்தில் மார்க் போட்டு அம்மாளிடம் நீட்டினார். அம்மாள் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார். "இடம் உண்டு. ஆனா தினம் சாயங்காலம் எங்க படிப்பறையில பத்திரிகை படிச்சுட்டுத்தான் பஸ் ஏறணும். வீட்டுல கெடைக்காத சொல்லை நாங்கதான் குடுக்கணும். அதுக்குத்தானே பள்ளிக்கூடம் வச்சிருக்கோம்?"

நான் இரண்டு கையும் கூப்பினேன். வெளியே வந்து இருவரும் குழாயடியில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தோம்.

தோட்டத்துக்குள் நுழையும்போது அண்ணன் சரிவில் மாடுகளை இறக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பாட்டு நின்றது. "என்னாச்சு, தம்பி?"

"எடம் கெடைச்சிருச்சுங்கண்ணா."

பறி பாதி ஏறியிருந்தது. அதை முழுக்க மேலே கொண்டுவந்து கொட்டிவிட்டுத்தான் அவர் மாடுகளை நிறுத்தினார். மகளைப் பார்த்து, "ஏன் அம்மணி, என்னையப் பத்தியும் எழுதுனீங்களாமே? நெசமாவா?" என்றார். ஆள் வந்து சொன்ன அன்றே மனைவி, அவர் காதில் விழும்படி, சுவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கிறாள்.

"ரண்டு பரீட்சையிலயும் எழுதுனனுங்க, பெரியப்பா."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு நுகத்தடியின் கயிற்றில் கைவைத்தார். "அப்பறம் என்ன, இன்னைக்குக் கவலைய அவுத்துப்போடுவோம்."

கிழக்கு மூலையில் இரண்டு பாத்திகள் அன்று நனையவில்லை. மறுநாள் காலையில் பாய்ச்சினோம்.