இரண்டு அப்பா

மீமிசலில் மீன் ஏற்றிக்கொண்டு கேரளம் போய்த் திரும்பிய காலையில், மகள் என்னைப் பார்த்து வாயை ஒரு பக்கமாகக் கோணினாள். பழிப்புக் காட்டுகிறாள் என்று நானும் கோணிக் காட்டினேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது. நான் எட்டாம் வகுப்போடு நின்று, ஊர் ஊராக வண்டி ஓட்டுபவன். எப்போதாவது வீட்டுக்கு வந்தால் எங்களுக்குள் இதுதான் வரவேற்பு.

"ரெண்டு அப்பா தெரியுது" என்றாள்.

"ஒத்த அப்பாவே ஆலங்குடியில நாலு நாள் தங்குறதில்ல. இதுல ரெண்டா?" என்றாள் என் மனைவி.

மகளும் சிரித்தாள். பாதி முகம் மட்டும் சிரித்தது.

லுக்கீமியாவுக்கு (ரத்தப் புற்றுநோய்) அவள் ஓராண்டாகச் சிகிச்சையில் இருந்தாள். முந்தின வாரம்தான் ரத்தம் சுத்தம் என்றிருந்தார்கள். அதனால் காலையில் அவளுக்கு வந்த தலைவலியையும் வாந்தியையும் மாத்திரைச் சூடு என்று நினைத்து இளநீர் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அவள் வாய் நேராகாததைப் பார்த்தபின்தான், அது பழிப்பு இல்லை என்று புரிந்து மதுரைக்குக் கொண்டுபோனோம். அங்கே லம்பார் பஞ்சர் (முதுகெலும்பின் இடுக்கில் ஊசி நுழைத்து, மூளையைச் சுற்றி ஓடும் நீரை எடுப்பது) செய்தார்கள். பார்க்கத் தெளிவாக இருந்த அந்த நீரில் நோய் இருந்தது.

"ரத்தம் நல்லாருக்குன்னு நீங்கதானே டாக்டர் சொன்னீங்க?"

"ரத்தம் நல்லாத்தாங்க இருக்கு. ரத்தத்துல போற மருந்து மூளைப் பக்கம் சரியா ஏறாது. முன்னாடியே முதுகுல ஊசி போட்டும் கொஞ்சம் ஒளிஞ்சிருந்திருக்கு."

"பொழச்சுக்குவாளா?"

"முயற்சி பண்றோம்ங்க."

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அதன்பின் அவர் சொன்னதை மனைவியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த நீருக்குள்ளேயே மருந்து செலுத்தினார்கள். ஒவ்வொரு முறையும் முழங்காலை மடக்கிப் படுக்க வேண்டும்.

"இறால் மாதிரி சுருண்டுக்க, ஆத்தா" என்றேன்.

"ஐஸ் போடுவீங்களா?" என்றாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

உங்கள் பிள்ளைக்கும் இந்த நோய் என்றால், ரத்த அறிக்கை எப்படி இருந்தாலும் சரி, காலைத் தலைவலியையும் கோணும் வாயையும் இரண்டிரண்டாகத் தெரிவதையும் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். நாங்கள் ஒரு வாரம் இளநீர் கொடுத்தோம்.

இப்போது வாய் நேராகிவிட்டது. நீரும் சுத்தம் என்கிறார்கள். அந்தச் சொல்லை நான் பழையபடி நம்புவதில்லை. சிகிச்சை தொடர்கிறது. என் வண்டி இப்போது புதுக்கோட்டையைத் தாண்டுவதில்லை.

விடிந்ததும் அவள் எதிரே போய் நிற்கிறேன்.

"எத்தன?"

கண்ணைக் கசக்கிக்கொண்டு, வேண்டுமென்றே யோசிக்கிறாள். அவள் வாய் திறக்கும்வரை நான் எத்தனை பேர் என்று எனக்கே தெரிவதில்லை.