தேங்காய்ப்பால் இரத்தமும் இரண்டு மாத்திரைகளும்

கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பவனுக்கு மருந்தின் பெயர் தெரிந்தால் போதாது. நோயின் பெயரைத் தமிழில் சொல்லிவிட்டு அடி வாங்காமல் தப்பிக்கவும் தெரிய வேண்டும். இதே வேலையில் மாட்டிக்கொண்ட உங்களுக்குப் புரியும். மலாயா மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கொண்டாடிப் பத்து வருஷம் ஆகாத காலம். மலாக்காவில் காஜா பேராங்கில் ஒரு டாக்டரிடம் நான் டிஸ்பென்சர்.

கொழுப்பு யாருக்கு?

ஜாலான் துக்காங் எமாஸில் துணிக்கடை வைத்திருந்தவர் காதர் நானா. அவருடைய அண்ணன் முந்திய வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடையிலேயே சரிந்து உயிர்விட்டவர். அந்த வயதை நெருங்கியதும் நானா பயந்துபோய்ச் சோதனைக்கு இரத்தம் கொடுத்தார். முடிவைச் சொல்லும் பொறுப்பு என்மேல் விழுந்தது. 'கொழுப்பு' என்றால் உடம்பில் சேரும் நிணம்தான், திமிர் என்பது பிறகு வந்த பொருள் என்ற அகராதித் துணிவில், பத்துப் பேர் காத்திருக்கும் இடத்தில், "நானா, உங்களுக்குக் கொழுப்பு ரொம்ப அதிகம்" என்றேன்.

நானா எழுந்து நின்றார். "என் பொண்டாட்டிகூட என்னை அப்படிச் சொன்னதில்ல. நீ யாருடா சொல்ல?"

குழாயில் நின்றது

சமாதானம் செய்ய வேறு வழியில்லாமல் அவருடைய இரத்தம் இருந்த கண்ணாடிக் குழாயைக் கொண்டுவந்து காட்டினேன். அடியில் சிவப்பு உறைந்திருந்தது. மேலே மஞ்சள் நீர் தெளிந்து நிற்க வேண்டிய இடத்தில் கெட்டித் தேங்காய்ப்பால் நின்றது. இரத்தத்தில் மிதக்கும் கொழுப்புக்கு டிரைகிளிசரைடு என்ற பெயரைப் பல தடவை படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

நானா குழாயைச் சாய்த்தார், நிமிர்த்தினார். தேங்காய்ப்பாலுக்கு மலாய்ப் பெயர்தான் அவர் வாயில் வந்தது. "யா அல்லா, சந்தான் கணக்கா இருக்கே தம்பி! இதையா என் நெஞ்சு இறைச்சுக்கிட்டுக் கெடக்கு?"

டீச்சரின் குழாய்

அதே வாரம் செமாபோக்கிலிருந்து வந்த மரகதம் டீச்சரின் குழாயில் நீர் தேன்போல் தெளிந்திருந்தது. ஆனால் கொலஸ்ட்ரால் நானாவுடையதைவிட அதிகம்! டிரைகிளிசரைடு தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறது, கொலஸ்ட்ரால் தெளிவுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. இருவருக்கும் டாக்டர் முதலில் கொடுத்தது நிக்கோட்டினிக் அமில மாத்திரை. அது இரண்டையும் குறைக்கும். முகத்தையும் தீயாய்ச் சிவக்க வைக்கும். சோற்றுக்குப் பிறகு போட வேண்டும் என்றேன். டீச்சர் அப்படியே செய்தார்.

மறுமுறை முகத்தில் லேசான சிவப்போடு சிரித்துக்கொண்டே வந்தார். "என்ன பவுடர் போடுறீங்கன்னு பக்கத்து வீட்டுல கேக்குறாங்க சார்."

நானாவின் மாத்திரை

நானா அதை வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டார். துணி அளந்துகொண்டிருந்தபோது காதிலிருந்து மார்புவரை பற்றிக்கொண்டது. அண்ணனுக்கு வந்ததுதான் தனக்கும் என்று நினைத்து, கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு மூன்று சக்கர டிரைஷாவில் ஏறி வந்தார். நாடி சரியாகத்தான் இருந்தது. இது மாத்திரையின் சூடு, மாரடைப்பு இல்லை என்று டாக்டர் எவ்வளவோ சொல்லியும் நானா கேட்கவில்லை.

மாத்திரைப் போத்தலை என் முன்னால் வைத்தார். "சாவுறதுன்னா சும்மா சாவுறேன். மொளகாயை முழுங்கிட்டுச் சாவணுமா?"

செய்தித்தாள்

அப்போதுதான் குளோஃபைப்ரேட் என்ற புது மருந்து வந்து சேர்ந்தது. கொலஸ்ட்ராலில் பழைய மாத்திரையை ஜெயிக்காது. ஆனால் நானாவின் குழாயில் நின்ற வெள்ளைக்கு ஏற்றது, முகத்தையும் சுடாது. கெஞ்சிக் கொடுத்தோம். நெய்ச்சோற்றையும் நிறுத்தினார், எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல என் படிப்பு போதாது. இரண்டு மாதம் கழித்து அவருடைய புதுக் குழாயின் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தேன். எழுத்து தெரிந்தது! நானா ஒரு வரி வாசித்தார். பிறகு நிறுத்திவிட்டார்.

"அண்ணனுக்கும் இதுதான் இருந்திருக்கும், தம்பி. யாரும் குழாயில ஊத்திப் பாக்கலையே."

எந்த மருந்து உசத்தி என்று கேட்பவர்களிடம் இரண்டின் குணத்தையும் முழுசாக ஒப்பித்துவிட்டு, தொண்டைக்குள் இறங்குகிற மருந்துதான் உசத்தி என்று முடித்துக்கொள்கிறேன்.