சிவப்பு அறைப் பட்டும் டோனா எர்மினியாவும்

மாளிகையில் நான் செய்த முதல் வேலை பல்புகளைக் கழற்றியது. மின் வேலைக்குச் சேர்ந்த அன்று காலை வாசல் காவலர் என்னை நேராகச் சிவப்பு அறையில் கொண்டுபோய் விட்டார். குட்டையான ஒரு பெண்மணி, காலில் துணிச் செருப்பும் கையில் கூடையுமாக நின்றிருந்தார். கூரையில் தொங்கிய விளக்குக் கொத்தைக் காட்டி, நாலு பல்புக்கு மூன்றைக் கழற்றிக் கூடையில் போடச் சொன்னார்.

“அப்புறம் இங்க வெளிச்சம் எப்படி வரும், டோனா?” என்று கேட்டேன்.

“வரக் கூடாதுன்னுதான் கழட்டச் சொல்றேன்,” என்றார்.

அவர்தான் டோனா எர்மினியா; பெண்களை மரியாதையாக ‘டோனா’ என்று கூப்பிடுவது எங்கள் வழக்கம். ஜனாதிபதி குடியிருக்கும் அந்த மாளிகையின் நாற்காலி, மேசை, திரை, கம்பளம், கடிகாரம் எல்லாம் அவர் பொறுப்பு. புரட்சி முடிந்து ஐந்தாவது வருஷம், கிழிந்த திரைகளைத் தைப்பதற்காக மூன்று மாத வேலைக்கு வந்தவர். முப்பத்தாறு வருஷம் இருந்தார். ஜனாதிபதிகள் வந்தார்கள், போனார்கள். ஒவ்வொருவரோடும் ஒரு குடும்பம் வந்தது. ஒவ்வொரு குடும்பத்தோடும் ஒரு ஆசை வந்தது. ஒரு அம்மாளுக்கு வெள்ளை சோபா வேண்டும். இன்னொருவருக்கு ராஜா காலத்து நாற்காலிகளில் பூப்போட்ட துணி தைக்க வேண்டும். ஒருவருடைய பேரப்பிள்ளைகள் சக்கரப் பலகை ஓட்டிப் பழக விருந்து மண்டபத்தின் தேக்குத் தரையைத் தேர்ந்தெடுத்தார்கள். டோனா எர்மினியா யாரிடமும் சண்டை போட்டதில்லை. “ஆகட்டும்மா, பார்க்கலாம்,” என்பார். பிறகு மாடிக் கிடங்கில் தேடி, கேட்டதுக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிற பழைய சாமான் ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார். அந்தக் குடும்பம் போன மறுநாள், அது கிடங்குக்கே திரும்பிப் போகும்.

விருந்து நாட்களில் அவரைப் பார்க்கவே பாவமாக இருக்கும். நூற்றிருபது பேர் சாப்பிடுவார்கள். யார் எந்த மேசையில் ஈரக் கண்ணாடிக் கோப்பையை வைப்பார்கள் என்று தூணோரம் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். வைத்த மறு நிமிஷம் அங்கே போய், விருந்தாளி அறியாமல் அதன் அடியில் ஒரு சிறு துணியை நுழைத்துவிடுவார். எல்லோரும் போன பிறகு கம்பளத்தில் நாற்காலிக் கால்கள் அழுத்திய பள்ளத்தைப் பார்த்து, ஒவ்வொன்றையும் அதே பள்ளத்தில் திருப்பி வைப்பார். ராத்திரி படுக்கும்போது இரண்டு கால்களும் தீயாக எரியும் என்று என் மனைவியிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். என்னிடம் சொன்னதில்லை.

ஆனால் அவருடைய உயிரெல்லாம் சிவப்பு அறையில்தான். அதன் நாலு சுவரிலும் சுவர்த்தாளுக்குப் பதிலாகப் பட்டுத் துணியை அறைந்திருந்தார்கள். மாதுளம்பழ நிறம், அதே நிறத்தில் இலையும் பூவும். இருநூறு வருஷத்துக்கு முன்பு ஒரு ராணி நெய்வித்தது என்பது எங்கள் எல்லோருக்கும் பாடம். வெளிநாட்டு அதிபர்கள் வந்தால் ஜனாதிபதி அதைச் சொல்லிக் காட்டுவார். அந்த அறையின் மூன்று ஜன்னலும் ஆற்றைப் பார்த்தவை. எங்கள் ஊர் வெயில் வானத்திலிருந்து ஒருமுறை, தண்ணீரிலிருந்து ஒருமுறை என்று இரண்டு முறை அடிக்கும். அதனால் தினமும் காலை பத்து மணிக்கு டோனா எர்மினியா போய் ஜன்னலின் உள்பக்க மரக் கதவுகளைச் சாத்துவார். ஒன்பது அடி உயரக் கதவுகள், ஜன்னலுக்கு நாலு. மதியம் யாராவது ஆறு பார்க்கவென்று திறந்திருப்பார்கள். மறுபடி போய்ச் சாத்துவார். கோடையில் ஒரு நாளைக்கு ஆறேழு தடவை மாடியேறுவார்.

அவர் கணவர் பெல்மீரு, ஆற்றைக் கடக்கும் படகில் இயந்திரம் பார்த்தவர். ஓய்வு பெற்றதும் தெற்கே செர்ப்பாவில் இருந்த தன் அண்ணன் வீட்டின் பாதிக்குக் குடிபோக நினைத்தார். எர்மினியா வருவார் என்று ஒரு வருஷம் காத்திருந்தார். அப்போது புதிய ஜனாதிபதி வரவிருந்தார். அறைகளை மாற்ற வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் மாளிகைக் கூரை ஒழுகியது. பெல்மீரு பெட்டியைக் கட்டினார். அன்று பேருந்து நிலையத்துக்கு நானும் பெட்டி தூக்கிக்கொண்டு போயிருந்தேன்.

“அந்த வீட்ல எந்த ஜனாதிபதியும் பத்து வருஷத்துக்கு மேல இருந்ததில்ல, எர்மீ. நீ ஒருத்திதான் அங்க குடியிருக்கே,” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. டோனா எர்மினியா அவருடைய கோட்டுப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டார். பிறகு மாதம் ஒருமுறை செர்ப்பாவுக்குப் போய் வந்துகொண்டிருந்தார்.

டோனா எர்மினியாவின் காலத்தில் கடைசியாக வந்த ஜனாதிபதி ஒரு டாக்டர். எழுபத்தொரு வயது. மனைவியை இழந்தவர். அந்த அம்மாள் கடைசி எட்டு மாதம் கண்கூச்சத்தால் திரை போட்ட அறையில் கிடந்து இறந்தாராம். இவருக்கு இருட்டறை ஆகவில்லை. வந்த முதல் வாரமே, சிவப்பு அறையில்தான் உட்கார்ந்து வேலை பார்ப்பேன், கதவுகள் திறந்தே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

டோனா எர்மினியா தயங்கித் தயங்கி அவரைப் பார்க்கப் போனார். நான் பக்கத்து அறையில் மின்செருகி மாற்றிக்கொண்டிருந்தேன். வெயில் பட்டால் பட்டு என்ன ஆகும் என்று அவர் விளக்கினார். டாக்டர் முழுவதையும் கேட்டார்.

“டோனா எர்மினியா, எனக்கப்புறமும் அந்தப் பட்டு இருக்கத்தானே போகுது? நான் இருக்கிற கொஞ்ச நாள் வெளிச்சத்தைப் பார்த்துட்டுப் போறேனே,” என்றார்.

“முன்னாடி இருந்தவங்களும் அப்படித்தான் சொன்னாங்க ஐயா. எல்லாருக்கும் கொஞ்ச நாள்தான். பட்டுக்குத்தான் அது மொத்தமா சேர்ந்துபோகுது.”

பிறகு, வெயில் அடித்தால் கெட்டுப்போக எதுவும் இல்லாத அறை இந்த வீட்டில் ஒன்றுகூட இல்லையா என்று டாக்டர் கேட்டார். ஒன்று இருந்தது. பின்கட்டில் துணி தேய்க்கும் அறை. வெள்ளையடித்த சுவர், பெரிய ஜன்னல், டோனா எர்மினியாவின் தையல் மேசை. மூன்று நாளில் ஜனாதிபதியின் மேசை அங்கே போனது. தேய்ப்பு மேசைகளும் தையல் இயந்திரமும் நிலவறைக்குப் போயின. சிவப்பு அறை தப்பியது. ஆனால் அதற்குப் பிறகு டோனா எர்மினியா நிலவறையிலிருந்து கதவு சாத்த ஏற வேண்டிய படிகள் இருபத்திரண்டு கூடிவிட்டன. அப்போது அவருக்கு அறுபத்து நாலு வயது. முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு ஏறினார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நவம்பர் காலை, சிவப்பு அறையின் சுவர் விளக்கு ஒன்றில் கம்பி தளர்ந்திருக்கிறது என்று ஏணி போட்டேன். வழக்கம்போல டோனா எர்மினியா கீழே நின்று ஏணியைப் பிடித்திருந்தார். சுவரில் என் விரல்கூடப் படவில்லை. காய்ந்த இலையை மிதித்த மாதிரி மெல்லிய சத்தம் கேட்டது. விளக்குக்கு மேலே பட்டு ஒரு முழ நீளத்துக்குத் தானாகக் கிழிந்து தொங்கியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொரு கீறல் விழுந்தது.

“இறங்குங்க ஃபிர்மீனு. மெதுவா இறங்குங்க,” என்றார். அவர் குரலில் எந்த மாற்றமும் இல்லை. நான் தரையில் கால் வைக்கும்வரை ஏணியை விடவில்லை.

அருங்காட்சியக வேலை தெரிந்த ஒரு பெண் நிபுணரை வரவழைத்தார்கள். பட்டைத் துண்டு துண்டாக இறக்கினார்கள். அதன் பின்னால், சுவரின் ஈரம் தாக்காமல் இருக்கச் செய்தித்தாள்களை ஒட்டியிருந்தார்கள். தொப்பி விளம்பரம், கப்பல் வருகை, ஒரு நாட்டியக்காரியின் படம். நிபுணர் தேதியைப் படித்தார். முடியாட்சி போய்ப் பதின்மூன்று வருஷம் ஆன பிறகு அச்சான தாள். ராணி இறந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அந்தச் சிவப்புப் பட்டுக்கு நூறு வயதுகூட நிரம்பியிருக்காது. மூலைச் சட்டத்தின் பழைய ஆணி ஒன்றில் மட்டும் நாலைந்து இழைகள் சிக்கிக் கிடந்தன. அவை பச்சை நிறம்; ராணியின் பட்டு அதுவாகத்தான் இருந்திருக்கும் என்றார் நிபுணர்.

அந்தக் காலத்து வியாபாரிகள் பட்டு கனமாகத் தெரிய உலோக உப்புக் கரைசலில் ஊறவைத்து விற்பார்களாம். அந்த உப்பு உள்ளிருந்தே இழையை அரித்துவிடும் என்றார் நிபுணர். இருட்டில் வைத்தாலும் அது நிற்காது.

டோனா எர்மினியா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நான் சாத்தி வச்சதால கொஞ்சமாவது கூட இருந்திருக்குமா?”

நிபுணர் நல்ல பெண். அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை. “பத்து வருஷம் கூட இருந்திருக்கும், டோனா. இருந்திருக்கலாம்,” என்றார்.

டோனா எர்மினியா தலையை ஆட்டினார். பச்சை இழைகளை இடுக்கியால் எடுத்து ஓர் உறையில் போட்டு, எந்தச் சுவர், எந்த ஆணி என்று மேலே எழுதினார். பிறகு, தூசி படும் என்று நாற்காலிகளுக்கு உறை மாட்டப் போய்விட்டார். அன்று மதியம் நிலவறையில் அவர் சாப்பாட்டுப் பாத்திரம் திறக்காமலே இருந்தது. நான் காபி கொண்டுபோய் வைத்தேன். ஆறியதைக் குடித்தார்.

சாமான்கள் பிரிவின் இயக்குநராக அப்போது செக்கேரா என்பவர் இருந்தார். அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், பயந்தவர். ராணியின் பட்டு என்று எத்தனை விருந்தாளிகளிடம் சொல்லியிருக்கிறோம், இப்போது மாற்றிச் சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்தார். பழைய பட்டு வயதாகிக் கிழிந்தது, அதே மாதிரி சிவப்புப் பட்டு புதிதாக நெய்யப்படுகிறது என்று இரண்டு வரியில் அறிக்கை தயாரித்தார். அதன் கீழே பொறுப்பாளரின் கையெழுத்து வேண்டும். தாளை எடுத்துக்கொண்டு அவரே நிலவறைக்கு இறங்கி வந்தார்.

டோனா எர்மினியா கண்ணாடி போட்டு, இரண்டு தடவை படித்தார்.

“இதுல செய்தித்தாளைப் பத்தி ஒண்ணும் இல்லையே, ஐயா.”

“அது எதுக்கு டோனா இப்ப? உங்களுக்கும்தானே சங்கடம். இத்தனை வருஷம் பொத்திப் பொத்திக் காத்தது…”

“ஓய்வு பெற எனக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு,” என்றார் அவர். “எனக்கு முன்னாடி யாரோ ஒருத்தர் எழுதாம விட்டதாலதான் நான் அந்தக் கதவுகளைச் சாத்திக்கிட்டே கிடந்தேன். அடுத்து வர்றவளுக்கு அதையே செய்ய எனக்குத் தெம்பில்ல.”

கையெழுத்துப் போடவில்லை. இரவல் வாங்கிய தட்டச்சுப் பொறியில், ஒரு விரலால் தட்டி, தானே ஒன்பது பக்க அறிக்கை எழுதினார். செய்தித்தாளின் தேதி, ஆணி, இழை, உப்பு எல்லாம் அதில் இருந்தன. தன் வாழ்நாள் கவனம் ஒரு போலிப் பட்டுக்குப் போனது என்று எங்கும் புலம்பவில்லை. ‘பொறுப்பாளர் இதன் வயதைச் சோதிக்காமல் முன்னவர் சொன்னதை ஏற்றுக்கொண்டார்’ என்று ஒரே ஒரு வரி. அந்த வரியை எடுத்துவிடும்படி நான் கெஞ்சினேன். கேட்கவில்லை.

டாக்டர் அதை முழுக்கப் படித்திருக்கிறார். டோனா எர்மினியாவைக் கூப்பிட்டு, புதிய பட்டை என்ன நிறத்தில் நெய்வது என்று கேட்டார். இழையில் என்ன நிறமோ அதுதான், வரும்வரை வெறும் சுவர் இருக்கட்டும் என்றார் எர்மினியா. அப்படியே உத்தரவானது. செக்கேரா அதன்பின் அவரைப் பார்த்தால் வணக்கம் சொல்வதோடு சரி.

மார்ச்சில் ஓய்வு பெற்றார். விடைதரும் நாளில் டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டதற்கு, “உட்காரப் போறேன், ஐயா,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் நிஜமாகத்தான் சொன்னார்.

செர்ப்பாவுக்குக் குடிபோனார். பெல்மீரு ஒன்பது வருஷம் தனியாக இருந்து பழகியவர். தன் கரண்டி எந்த ஆணியில் தொங்க வேண்டும் என்று அவருக்கு இப்போது சட்டம் இருந்தது. முதல் சில மாதம் இருவரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டே நடந்தார்கள் என்று பெல்மீருவே சொன்னார். எர்மினியாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து, பெல்மீரு அவரைத் தாங்கித் தாங்கி நடத்தியதில் அது சரியாயிற்றாம்.

இரண்டு வருஷம் கழித்து, பச்சைப் பட்டு சுவரேறிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் டோனா எர்மினியாவைப் பார்க்கப் போனேன். டாக்டர் பதவி முடிந்து போயிருந்தார். புதிய ஜனாதிபதியின் மனைவிக்குப் பச்சை பிடிக்கவில்லை. பழைய புகைப்படங்களில் பார்த்த சிவப்பே அழகு, மாற்ற முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்து, கடைசியில் சொல்லிவிட்டேன்.

“ஒன்பது பக்கம் எழுதி வச்சிருக்கேன். படிக்கட்டும்,” என்றார். கொஞ்சம் கழித்து, “படிக்கலேன்னாலும் நான் என்ன பண்ணட்டும், ஃபிர்மீனு?” என்றார்.

பெல்மீரு பூண்டும் கொத்தமல்லியும் இடித்துப் போட்டு, ரொட்டியை ஊறவைத்து, மேலே முட்டை உடைத்து ஊற்றிக் கொண்டுவந்தார். சூடாகச் சாப்பிட்டோம். டோனா எர்மினியா என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். நான் மூத்தவளின் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவருக்குக் கண் சொருகியது. பெல்மீரு அவர் முன்னாலிருந்த தட்டை ஓசைப்படாமல் நகர்த்திவிட்டு, நான் பாதியில் விட்ட கதையைத் தொடரச் சொல்லிச் சைகை காட்டினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் போட்ட நிபந்தனைகளை அவருக்கு மட்டும் சொன்னேன்.