மரியசெல்வியின் பேட்டரியைத் தொட்டவன்

மரியசெல்வியைத் திமிர் பிடித்தவள் என்று சொல்லாதவர்கள் எங்கள் தேவாலயப் பங்கில் குறைவு. நானும் சொன்னவன்தான், அதுவும் சத்தமாக. இன்று அதே வாயால் வேறு கதை சொல்லப் போகிறேன். எழுத வேண்டாம் என்று வீட்டில் தடுத்தார்கள். அதனாலேயே எழுதுகிறேன்.

என் பெயர் சூசைமாணிக்கம். மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். திண்டுக்கல்லில் எங்கள் கோவிலின் மைக், விளக்கு, மின்விசிறி எல்லாம் என் பொறுப்பு. கரண்ட் விஷயத்தில் யாராவது என்னிடம் வாதாடினால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். மரியசெல்வி வாதாடுவாள்.

அவளுக்கு வயது நாற்பத்துநான்கு. பத்தாவது முடித்ததும் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படங்களை வெட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். கேமராவைத் தொட விடவில்லை. "பொம்பளப் பிள்ளை, கல்யாண வீட்டுல ஏணி மேல ஏறுவியா?" என்று முதலாளி சிரித்தாராம். அவள் பழைய கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு, ஆத்தூரில் ஒரு கல்யாணத்தில் ஏணி உச்சியில் ஏறி நின்றாள். அந்த முதலாளியும் அங்கே விருந்தாளியாக வந்திருந்தார். "அண்ணே, செத்த நேரம் நகருங்க, மறைக்குது" என்று மேலிருந்தே சொன்னாள். இருபது வருடமாக ரெட்டியார்சத்திரத்திலிருந்து சேவுகம்பட்டி வரை கல்யாணம், காதுகுத்து, புதுநன்மை, அடக்கம் எதுவானாலும் தன் ஸ்கூட்டரில் போய் இறங்குகிறாள்.

அவளைப் பற்றிய ஊர்ப் பேச்சில் பாதி அவளுடைய பேட்டரியைப் பற்றியது. கேமராவின் தலையில் மாட்டும் ஃபிளாஷுக்கு நாலு பேட்டரி வேண்டும். மற்றவர்கள் கடையில் புதிதாக வாங்கிப் போட்டு, தீர்ந்ததும் தூக்கி எறிவார்கள். இவள் சார்ஜ் ஏற்றுகிற பேட்டரிதான் போடுவாள். அவற்றை நாலு நாலாகப் பிரித்து, ஒவ்வொரு நாலுக்கும் ஒரு நிறத்தில் நகப்பூச்சால் பொட்டு வைத்திருப்பாள். சிவப்புப் பொட்டு நாலும் ஒன்றாகவே சார்ஜ் ஏறும், ஒன்றாகவே வேலைக்குப் போகும். வேறு எதனோடும் கலக்க விடமாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் வைத்து அவளை மடக்கினேன்.

"ஏம்மா செல்வி, கடைப் பேட்டரி ஒன்றரை வோல்ட். உன்னோடது ஒன்னு புள்ளி மூணைத் தாண்ட மாட்டேங்குது. இந்தச் சவலைப் பிள்ளைகள வச்சுக்கிட்டா ஊரைச் சுத்துற?"

"சும்மா வச்சு அளந்தா அப்படித்தாண்ணே காட்டும். சுமையைக் குடுத்து அளந்து பாருங்க. கடைப் பேட்டரி அம்பது வெளிச்சத்துல மூச்சு வாங்கும். இது நூறு தாண்டியும் அசராது."

"அப்ப என் வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கும் இதையே போட்டுரவா?"

"அதுக்கு எதுக்கு? கடிகாரம் சொட்டுச் சொட்டாக் குடிக்குது, கடைப் பேட்டரியே வருசக்கணக்கா வரும். ஃபிளாஷ் மடக்கு மடக்குன்னுல்ல குடிக்கும். அம்புட்டையும் உடனே குடுக்கத் தெம்பு வேணும்ல."

ஒரே மாதிரி இரண்டு ஃபிளாஷ்களில் இரண்டு வகைப் பேட்டரியையும் போட்டு, ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்து காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருந்தாள். அதை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் கரண்டோடு குடித்தனம் நடத்தியவனுக்குக் காலண்டர் தாளில் பாடமா?

போன வருடம் எங்கள் பங்கில் பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் நடந்தது. ஆயர், அதாவது பிஷப், வந்து, எண்ணெயில் கட்டைவிரலைத் தொட்டு ஒவ்வொரு பிள்ளையின் நெற்றியிலும் சிலுவை வரைவார். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். அந்த விரல் நெற்றியில் படுகிற நொடியைப் படமாக வீட்டில் மாட்டாத கத்தோலிக்கக் குடும்பம் எங்கள் பக்கத்தில் கிடையாது. அதற்கு முந்தைய தடவை படமெடுக்க வந்தவர் பத்தொன்பது பிள்ளைகளை விட்டுவிட்டார். தாய்மார்கள் பங்குச்சாமியாரைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார்கள். அதனால் இந்தத் தடவை மரியசெல்விக்கு முதன்முறையாக அந்த வேலை வந்தது. பங்குப் பேரவையின் துணைத்தலைவரான தலைமையாசிரியர் ஸ்டீபன்ராஜ் அப்போதே கறாராகச் சொல்லிவிட்டார்: ஒரு பிள்ளையை விட்டாலும் இனி கோவில் வேலை எதுவும் அவளுக்கு இல்லை.

மொத்தம் நூற்று முப்பத்தெட்டுப் பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு ஏழு நொடி.

அன்று காலை அவள் பையையும் ஃபிளாஷையும் சாமியார் உடை மாற்றும் அறையில் வைத்துவிட்டு, நிற்க வேண்டிய இடத்தைப் பார்க்கப் பீடத்துக்குப் போனாள். அறைச் சாவி என்னிடம். வோல்ட் அளக்கும் மீட்டரும் என் சட்டைப்பையில். கை சும்மா இருக்குமா? ஃபிளாஷைத் திறந்து நாலையும் அளந்தேன். இரண்டு ஒன்று புள்ளி மூன்று, இரண்டு அதற்கும் கொஞ்சம் கீழே. எனக்குப் பகீரென்றது. கம்பியில்லா மைக்குக்காக வாங்கி வைத்திருந்த புதுக் கடைப் பேட்டரி இரண்டு மேசையில் இருந்தது. குறைவாகக் காட்டிய இரண்டையும் எடுத்து அவள் பையின் ஓரத்தில் போட்டுவிட்டு, புதியவற்றைச் சொருகினேன். புதுசு இரண்டு சேர்ந்தால் மற்ற இரண்டுக்கும் தெம்பு வரும் என்று நினைத்தேன். அவளுக்கு நல்லது செய்கிறேன் என்றே நினைத்தேன். சொன்னால் சண்டைக்கு வருவாள் என்று சொல்லவில்லை.

முதல் அறுபது பிள்ளைகள் வரை ஃபிளாஷ் பளிச் பளிச்சென்று அடித்தது. நான் தூணோரம் நின்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தேன். அறுபத்தொன்றாவது பிள்ளை ஷைனி. ஆயரின் விரல் நெற்றியில் பட்டது, வெளிச்சம் வரவில்லை. அடுத்து ஏஞ்சலின். அப்போதும் வரவில்லை. எங்கள் பீடம் பட்டப்பகலிலும் இருட்டு. ஃபிளாஷ் இல்லாவிட்டால் இரண்டு நிழல்தான் விழும்.

மரியசெல்வி இடது கையை உயர்த்தினாள். "ஆண்டவரே, ஒரு நிமிஷம் நில்லுங்க!"

பாடகர் குழு பாட்டை நிறுத்தியது. ஆயர் எண்ணெய் விரலோடு அப்படியே நின்றார். ஆயரை நிறுத்திய ஆளை எங்கள் கோவில் அதுவரை பார்த்ததில்லை. அவள் ஃபிளாஷைத் திறந்தாள், உள்ளே பார்த்தாள். பிறகு நாலையும் உருவி, பச்சைப் பொட்டு வைத்த நாலைப் போட்டு மூடினாள். "இப்ப நடத்துங்க ஆண்டவரே." மிச்சம் எழுபத்தாறு பிள்ளைகளில் ஒருவர்கூடத் தப்பவில்லை.

ஆனால் ஊர் எழுபத்தாறையா பேசும்? ஷைனியின் அம்மா அமலராணி அந்த வாரம் முழுக்கத் தெருத்தெருவாக அழுதாள். "பழைய பேட்டரியைப் போட்டு எம்பிள்ளையை இருட்டுல விட்டுட்டா" என்றாள். ஆயரையே கை காட்டி நிறுத்தினவள் என்று மற்றவர்கள் எரிந்தார்கள். மாற்றி வைத்த நான் வாயைத் திறக்கவில்லை. கெட்ட எண்ணம் இல்லையே, கெட்ட எண்ணம் இல்லையே என்று என்னையே தட்டிக் கொடுத்துக்கொண்டு கிடந்தேன். வெட்கங்கெட்ட வாரம் அது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து பேரவை கூடியது. மன்னிப்புக் கடிதத்தை ஸ்டீபன்ராஜே எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"கையெழுத்துப் போட்டுரும்மா. பிரச்சினை இதோட முடிஞ்சிரும். இல்லைன்னா இனி கோவில் பக்கம் கேமராவோட வர முடியாது."

மரியசெல்வி அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. கைப்பையிலிருந்து இரண்டு பேட்டரியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இந்த ரெண்டும் என்னோடது இல்ல சார். என்னோடதுல பொட்டு இருக்கும். என் ஃபிளாஷுக்குள்ள இதை வச்சது நான் இல்ல. பேட்டரியக் கலந்தா சோர்ந்ததுதான் மத்ததையும் சேத்து இழுக்கும். அதான் படம் வரல. நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?"

"அப்ப யார் வச்சது?"

"எனக்குத் தெரியும். நான் சொல்ல மாட்டேன். வச்சவுக வாயாலயே வரட்டும். வர்ற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்."

"மிரட்டுறியாம்மா?" என்றார் ஸ்டீபன்ராஜ்.

"நிக்கிறேன்னுதானே சார் சொன்னேன்."

நின்றாள். நாற்காலியைக் காட்டினார்கள், உட்காரவில்லை. பங்குச்சாமி தண்ணீர் கொடுக்கச் சொன்னார், வாங்கவில்லை. யாரையும் முறைக்கவும் இல்லை. என் பக்கம் அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு பார்வை பார்த்திருந்தால் "என்னையா சொல்ற?" என்று எகிறிக் குதித்துத் தப்பித்திருப்பேன். எனக்கு அது கைவந்த கலை. ஒருவர் மணியைப் பார்த்துவிட்டு, பாதிப் பேர் பசியோடு இருக்கிறோம் என்றார். அவள் அசையவில்லை.

நான் எழுந்தேன்.

"நாந்தான் சாமி மாத்துனேன். அவகிட்ட கேக்காம மாத்துனேன். மீட்டரை நம்புனேன், அவளை நம்பல."

ஸ்டீபன்ராஜ் அந்தக் கடிதத்தை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பங்குச்சாமி, "சரிம்மா, தெரியாம நடந்துருச்சு. அடுத்த தடவையும் நீயே வந்து படம் எடு. இதை இதோட விட்டுருவோம்" என்றார்.

"வந்து எடுக்கிறேன் சாமி. ஆனா இதை இதோட விட மாட்டேன்." இப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, இங்க பத்துப் பேரு முன்னாடி சொல்லிட்டீங்க. அமலராணி வீட்டுலயும் ஏஞ்சலின் வீட்டுலயும் வந்து சொல்லுங்க."

"நாளைக்குப் போயிட்டு வாரேம்மா."

"இப்பவே. வண்டில ஏறுங்க."

அறுபத்தாறு வயதில், பேரவையே வாசலில் நின்று பார்க்க, அவள் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனேன். அமலராணி கதவைத் திறந்து மரியசெல்வியைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள். அவள் திட்ட ஆரம்பிக்கும் முன் நான் முந்திக்கொண்டேன். மீட்டர், இரண்டு பேட்டரி, அறைச் சாவி, ஒரு வாரமாக வாயை மூடிக்கொண்டிருந்தது, எதையும் விடாமல் சொன்னேன். உள்ளிருந்து ஷைனி வந்து அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அமலராணி மரியசெல்வியின் கையைப் பிடித்து, "ஊரெல்லாம் உன்னையப் பேசிட்டேனே. உள்ள வாக்கா" என்று இழுத்துக்கொண்டு போனாள். என்னை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.