ஃபிஜித் தீவிலிருந்து வந்த சம்பந்தம்

என் மகளுக்கு ஃபிஜியிலிருந்து சம்பந்தம் வந்தபோது, அந்தத் தீவு எந்தக் கடலில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. நாலாம் வகுப்போடு நின்றவன் நான். ரங்கூனில், க்யிம்யிண்டைங் மீன் சந்தையில் நிறுவை வேலை. ஆனால் கவலைப்படப் படிப்பு வேண்டாமே. பெண்பிள்ளைகளையும் பட்டாளத்துக்கு எடுக்கப்போகிறார்கள் என்று எங்கள் பகுதியில் பேச்சு கிளம்பியதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவளை எங்காவது அனுப்பிவிட வேண்டும். அனுப்புகிற இடம் இதைவிட மோசமாக இருந்துவிட்டால்?

கரெண்ட் இருக்கும் நேரமாகப் பார்த்து, மாப்பிள்ளையின் அம்மாவை வீடியோவில் பிடித்தோம். அவர்களும் வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலேறிய தமிழர்கள்தான். எங்கள் ஆட்களை மூட்டை தூக்க இங்கே இறக்கினான். அவர்களைக் கரும்பு வெட்ட அங்கே. அந்த அம்மாவுக்கு மாரியம்மன் கோயிலில் பாடுகிற தமிழ் மட்டும் தெரியும். வீட்டில் புழங்குவது இந்தி. அதனால் கல்யாணப் பெண்ணே நடுவில் உட்கார்ந்து, அவர் இங்கிலீஷில் சொல்வதை எங்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று.

என் முதல் கேள்வி ராணுவம். அங்கே பட்டாளம் ஆட்சியைப் பிடிக்குமா? பிடித்திருக்கிறதாம், ஒரு தடவை அல்ல. இப்போது தேர்தல் வைத்து ஆள்கிறார்களாம். அப்படியென்றால் பட்டாளத்துக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன்.

"ரக்பி ஆடுறாங்களாம்ப்பா," என்றாள் மகள்.

என் மனைவி முழங்கையால் இடித்தாள். "போதும். பொண்ணத்தான் குடுக்கப் போறோம், நாட்ட வாங்கப் போறதில்ல."

விடவில்லை. கரும்புத் தோட்டம் சொந்தமா என்றேன். அந்த அம்மா என் மகளிடம் இங்கிலீஷில் நெடுநேரம் பேசினார். இடையிடையே, பின்னால் கட்டிலில் படுத்திருந்த கணவரிடம் திரும்பி இந்தியில் பேசினார். எல்லாம் முடிந்ததும் மகள் எங்களிடம் சொன்னது ஒரே வரி: "எல்லாம் நல்லா இருக்காம்."

சந்தையில் முஸ்லிம் வியாபாரிகளோடு பழகிப் பழகி எனக்கு அந்தப் பாஷை காதில் ஏறியிருந்தது. அதை மகள் யோசிக்கவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது எனக்குப் புரிந்துவிட்டது. நிலம் அந்த மண்ணின் பூர்வகுடிகளுடையது. குத்தகை முடியப்போகிறது, மறுபடி கொடுப்பார்களோ மாட்டார்களோ. மூத்த மகன் ஆஸ்திரேலியாவிலேயே தங்கிவிட்டான். மாப்பிள்ளையும் பழம் பறிக்க அங்கேதான் போகப் போகிறான். கரும்பை நம்பி இளசுகள் யாரும் இருப்பதில்லை. படுத்துவிட்ட பெரியவரைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு ஒரு பெண் வேண்டும்.

போனை வைத்ததும் மகளைக் கேட்டேன். அவள் மழுப்பவில்லை. அந்த அம்மா அவளிடம் ஒன்றையும் ஒளிக்கவில்லையாம். எங்களிடம் சொல்லாமல் விட்டது இவள்தான்.

"படுத்த கெழவருக்கு ஆள் தேடுறாங்க. தெரிஞ்சுதான் தலையாட்டினியா?"

"தெரியும்ப்பா. கெழவர்தானே. ராத்திரியில வந்து கதவத் தட்டி, பேரக் கேட்டு, இழுத்துக்கிட்டுப் போகமாட்டாரு."

மனைவி அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். அந்த அம்மாவின் பிள்ளைகள் வேண்டாம் என்று விட்டுப்போகிற வீட்டுக்கு என் பிள்ளை போகத் துடிக்கிறாள். இந்த நாடு அவளுக்குச் செய்து கொடுத்த சீர் இதுதான்.

அடுத்த முறை பேசியபோது நானே வாய் திறந்தேன், எனக்குத் தெரிந்த சந்தை இந்தியில். பெண் வருவாள் என்றேன். அந்த அம்மா திடுக்கிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அன்றைக்குப் பேசியதெல்லாம் எனக்குப் புரிந்திருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. குத்தகை, மாப்பிள்ளை, பட்டாளம், இன்னும் கேட்க எவ்வளவோ இருந்தது. பெரியவருக்கு என்ன சாப்பாடு ஒத்துக்கொள்ளும் என்று மட்டும் கேட்டேன்.