பொண்ணுக்கு நேஷனாலிட்டி இருக்கு

போன வாரம் கருவடிக்குப்பத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலை அம்மாள் என் காதருகே குனிந்து ரகசியமாகச் சொன்னார்.

"பொண்ணுக்கு நேஷனாலிட்டி இருக்கு!"

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எந்தப் பெண்ணுக்குத்தான் நேஷனாலிட்டி இல்லை? ஆனால் பாண்டிச்சேரியில் 'நேஷனாலிட்டி' என்றால் ஒன்றே ஒன்றுதான் — பிரெஞ்சுக் குடியுரிமை. கட்டிக்கொள்பவருக்கும் பிரான்ஸ் போக வழி பிறக்கும். பெண் கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் குட்டை, கொஞ்சம் வாயாடி... எதுவும் பரவாயில்லை. நேஷனாலிட்டி இருக்கிறதே!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு காலத்தில் நானும் அப்படியொரு பெண்தான்.

நான் பிறந்தது வியட்நாமில், சைகோனில். அப்பா அங்கே ஒரு வங்கியில் காவல் வேலை பார்த்தார். எழுபத்தைந்தில் அந்த ஊர் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனபோது எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் பாண்டிச்சேரிக்கு வந்து சேர்ந்தோம். அப்பா, அம்மாவுக்கு அது ஊர் திரும்பல். எனக்கு? பதினொரு வயதில் ஒரு புது நாடு!

எனக்குத் தெரிந்த தமிழ் முழுக்க அம்மா என்னை அதட்டிய தமிழ். அப்பா என்னிடம் பிரெஞ்சில்தான் பேசுவார். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் தமிழ் டீச்சர் உள்ளே வந்ததும், மரியாதையாக எழுந்து நின்று, "டீச்சர், வா! ஒழுங்கா உக்காரு!" என்றேன். வகுப்பு சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அன்று முதல் என் பெயர் 'சைகோன்காரி'.

ஒரு வருடத்தில் தமிழ் சரியாகிவிட்டது. பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. ஆனால் பாருங்கள்... எனக்குப் பதினெட்டு வயதானதும், அதே சைகோன்காரியைத் தேடிக்கொண்டு வெற்றிலைத் தட்டுகள் வர ஆரம்பித்தன. அப்பாவுக்கு இருந்த பிரெஞ்சுக் குடியுரிமை எனக்கும் இருந்ததே!

நானோ பிரான்சில் பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன். பிரெஞ்சுப் பள்ளி இறுதித் தேர்வில் தேறி, இடமும் கிடைத்துவிட்டது. அம்மா அதற்கு முன்னால் ஒரு மாப்பிள்ளையை வரவழைத்துவிட்டாள்.

பெயர் அருள். ஊர் அரியாங்குப்பம். தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வந்திருந்தார். இப்போது நினைத்தாலும் சொல்வேன், நல்ல மனிதர். நான் கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தயங்கினார்.

"ஏதாச்சும் கேக்கணும்னா கேளு தம்பி" என்றார் அப்பா.

அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். "ஃபிரான்சுல வெல்டிங் வேலைக்குப் போனா மாஸ்க் அவங்களே தருவாங்களாங்க?"

அவ்வளவுதான். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

அவர்கள் படி இறங்கியதும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்டிடி மாப்ள?"

"நல்லவருதாம்மா. ஆனா அவர் கட்டிக்கப் போறது என்ன இல்ல. என் பாஸ்போர்ட்ட."

"பாஸ்போர்ட்டும் ஒங்கூடத்தானடி வரப்போவுது!"

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவ போய்ப் படிக்கட்டும். பாஸ்போர்ட்டு எங்க ஓடிப்போவுது?" என்றார். அம்மா இரண்டு நாள் எங்கள் இருவரோடும் பேசவில்லை. ஆனாலும் நான் கிளம்பிவிட்டேன்.

பிரான்சின் நடுப்பகுதியில், சுற்றிலும் மலைகள் உள்ள ஒரு நகரம். புவியியல் படிப்பு. மொழிப் பிரச்சினை கிடையாது, நம் பிரெஞ்சுதான் சுத்தமான பிரெஞ்சாயிற்றே என்ற மிதப்பு எனக்கு. முதல் வாரம் வகுப்பில் கையைத் தூக்கி ஒரு சந்தேகம் கேட்டேன்.

சிரித்தார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் 'ர'வைத் தொண்டைக்குள்ளேயே கரகரத்து விழுங்கிவிடுவார்கள். நாங்கள் பாண்டிச்சேரியில் கன்னியாஸ்திரீகளிடம் படித்த 'ர' நாக்கு நுனியில் உருளும், பழைய காலத்துப் பிரெஞ்சு மாதிரி. பேராசிரியர் அன்பாகத்தான் கேட்டார், "மத்மசேல், நீங்கள் எந்த நூற்றாண்டிலிருந்து வருகிறீர்கள்?"

நான் வாயை மூடிக்கொண்டேன். நிஜமாகவே மூடிக்கொண்டேன். ரொட்டிக் கடையில்கூட விரலால் காட்டி வாங்கினேன். ஒரு மொழிக்குச் சிரித்தார்கள், கற்றுக்கொண்டேன். இப்போது இன்னொரு மொழிக்கும் சிரிக்கிறார்களே! இன்னும் எத்தனை முறைதான் முதலிலிருந்து ஆரம்பிப்பது? அறைக்குப் போய்ப் போர்வைக்குள் அழுவேன். மறுநாள் வகுப்பில் கடைசி பெஞ்சு.

இதற்கிடையில் வகுப்பின் முன்னால் நின்று எல்லோரும் ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வாசிக்காவிட்டால் அந்த வருடமே வீண். 'ர' வராத சொற்களாகப் பார்த்து எழுதிப் பார்த்தேன். முடியுமா? பிரான்ஸ் என்ற சொல்லிலேயே 'ர' இருக்கிறதே!

ஊருக்குத் திரும்பிவிடுவது என்று முடிவு செய்தேன். எங்கள் தெரு மருந்துக்கடையில் ஒரு போன் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து அம்மா அங்கே வந்து நிற்பாள். இங்கே தெருமுனை டெலிபோன் கூண்டிலிருந்து கூப்பிட்டேன்.

"அம்மா... எனக்கு இங்க புடிக்கல. பேசுனா சிரிக்கறாங்க."

'சமாளிச்சிக்கோடி' என்பாள் என்று நினைத்தேன். அதைச் சொல்லட்டும் என்றுதான் உள்ளுக்குள் காத்திருந்தேனோ என்னவோ.

"அப்ப வந்துடு!" என்றாள் அம்மா. குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "நாளைக்கே கெளம்பு. அந்தப் பையனுக்கு இன்னும் எடம் அமையல. தவக்காலத்துக்கு முன்னாடியே கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சிடலாம். நான் இப்பவே போய் அவங்க ஊட்ல சொல்லிட்டு வந்துடறேன்..."

"அம்மா, இரு, இரு..."

"இன்னாடி?"

"ஒண்ணும் சொல்லாத. நான் வரல!"

போனை வைத்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பதே எனக்கு உறைத்தது. ஆறுதல் சொல்லியிருந்தால் அழுதுகொண்டே ஊருக்கு வந்திருப்பேன். பெற்ற தாய் உடனே சம்மதித்ததால் அங்கேயே தங்கிவிட்டேன். மனது எப்படியெல்லாம் வேலை செய்கிறது பாருங்கள்!

கட்டுரை வாசிக்கும் நாள் வந்தது. முதல் வரியிலேயே ஆறு, தெரு, துறைமுகம்... பிரெஞ்சிலும் அத்தனைக்கும் 'ர'! உருண்டன. எதிர்பார்த்தபடியே சிரித்தார்கள். தாளைக் கீழே வைத்தேன்.

"சிரித்து முடித்ததும் சொல்லுங்கள். இன்னும் நாலு பக்கம் 'ர' பாக்கி இருக்கிறது" என்றேன்.

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ஆனால் இந்தச் சிரிப்பு வேறு. அதில் நானும் இருந்தேன். கடைசி வரி வரை வாசித்தேன்.

வெளியே வந்தபோது மாடிப்படியில் ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். மார்த்தின். பொன்னிற முடி, அச்சு அசல் பிரெஞ்சுக்காரி. அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

"எங்கள் கிராமத்திலும் எல்லோரும் உன்னை மாதிரிதான் பேசுவார்கள்" என்றாள் மெதுவாக. "நானும் அப்படித்தான். இங்கே வந்ததும் சிரிப்பார்கள் என்று மாற்றிக்கொண்டேன். கண்ணாடி முன்னால் நின்று பழகினேன்."

சொந்த நாட்டிலேயே ஒருத்தி பரதேசியாக இருக்கிறாளே! அன்று கான்டீனில் இரண்டு பேரும் நாக்கு வலிக்க வலிக்க 'ர'வை உருட்டிக்கொண்டு சாப்பிட்டோம்.

அந்த வருடம் தேறிவிட்டேன். அருளுக்கும் வேறொரு நேஷனாலிட்டி பெண் அமைந்து, சந்தோஷமாகக் கல்யாணம் நடந்தது. அம்மா போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து என்னைப் போனில் திட்டினாள்.

கோடை விடுமுறையில் மார்த்தின் என்னைத் தன் கிராமத்துக்கு அழைத்துப் போனாள். மலைமேல் இருபது வீடு. அவள் அப்பா மாட்டுக் கொட்டகைக்குள் பால் கறந்துகொண்டிருந்தார். நான் வெளியே நின்று, "போன்ழூர் மெஸ்யே! மார்த்தினோடு படிக்கிறேன். உங்கள் ஊர் ரொம்ப அழகாக இருக்கிறது!" என்று உரக்கச் சொன்னேன்.

முகத்தைப் பார்க்காமல் உள்ளேயிருந்தே அவர் மகளை அதட்டினார். "கேட்டாயா? இதுதான் பேச்சு! நீயும் இருக்கிறாயே, பட்டணத்துக்குப் போய்க் கெட்டுப்போய்!" பிறகு என்னிடம் கேட்டார். "ஏம்மா, நீ மலைக்கு அந்தப் பக்கத்துப் பெண்ணா?"

"ஆமாங்க" என்றேன். "கொஞ்சம் தள்ளி."