பினாங்குக்குப் போக உகந்த மாதம்

உழும் நிலத்துக்கு எழுத்து எதுவும் இல்லாத ஒருவர், கடல் கடந்து வாழும் மகளைப் பார்த்து வர ஆண்டின் எந்த மாதம் உகந்தது? பட்டப்படிப்பை முடித்த ஆண்டில், இதற்கு என்னிடம் விடை இருப்பதாக நம்பினேன்.

அக்கா பினாங்கில் வாழ்க்கைப்பட்டுப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்பா அதன்பின் அவளைப் பார்க்கவில்லை. கப்பல் பயணத்துக்கு வேண்டிய பணத்தை அவளே அனுப்பிவிட்டு, எப்போது வருகிறார் என்று மட்டும் கேட்டு எழுதியிருந்தாள். மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு தாளில் பன்னிரண்டு மாதங்களையும் எழுதி ஒவ்வொன்றாக அடித்தேன். ஆனியில் ஆற்றில் தண்ணீர் வரும், குறுவை நெல் நடவு தொடங்கும். அதைத் தொடர்ந்து இரண்டாம் போகமான தாளடி. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கடல் கொந்தளிக்கும். தை, மாசியில் அறுவடை, பங்குனியில் உளுந்து. மிஞ்சியவை சித்திரையும் வைகாசியும்தான். வயல் வெடித்துக் கிடக்கும், கடலும் அடங்கியிருக்கும். பங்குனிக் கடைசியில் நாகப்பட்டினத்திலிருந்து புறப்படும் கப்பலில் இடம் பதிவு செய்தேன். படித்தவன் பார்த்துச் செய்திருப்பான் என்று அப்பாவும் இருந்துவிட்டார்.

பிழையைக் கண்டவர் என் தாய்மாமா.

"எல்லாம் சரி மாப்ளே. நல்லேர் யாரு பூட்டுறது?"

திருக்காட்டுப்பள்ளியை அடுத்த எங்கள் ஊரில், சித்திரையில் நாள் பார்த்து அவரவர் வயலில் ஆண்டின் முதல் ஏரைப் பூட்டுவார்கள். மூன்று சுற்று உழுதால் போதும். அந்த ஏரை யார் பூட்டினாரோ அவரே அவ்வாண்டின் சாகுபடிக்காரர் என்பது ஊர் வழக்கம். எங்களுடையது வாய்மொழிக் குத்தகை. குத்தகைதாரரின் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் வந்ததும் அப்பா மனுக் கொடுத்திருந்தார்; தஞ்சாவூரில் குடியிருந்த மிராசுதார் அதை மறுத்திருந்தார். விசாரணை எந்நாளும் வரலாம். கிழக்குத் தாலுகாக்களில் போலீஸ் காவலோடு அறுப்பு நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் ஊரில் தகராறு காகிதத்தோடு நின்றது. ஆனால் அதில் தோற்றால் எங்களுக்கு வேறு நிலம் இல்லை.

"அப்பன்னா நான் போகலடா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார் அப்பா.

அடுத்த ஆண்டிலும் சித்திரை வரும். நான் தயாரித்த தாளில் இனி அடிக்கப்படாத மாதம் வைகாசி ஒன்றுதான்; அதற்குள் போய்த் திரும்பக் கப்பல் இல்லை. குத்தகைதாரரின் குடும்பத்தில் ஒருவர் உழைத்தாலும் அது அவருடைய சாகுபடியே என்று சட்டத்தில் படித்திருந்தேன். ஆகவே நானே ஏர் பூட்டுவதாகச் சொன்னேன்.

"பேனா புடிக்கிற மாதிரி மேழியப் புடிச்சியன்னா, மாடு நேரா வீட்டுக்கு வந்துரும்" என்று மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அரைமனதோடு கப்பலேறினார்.

நல்லேர் நாளன்று நான் மாமாவோடு வயலுக்குப் போனபோது, மிராசுதாரின் காரியஸ்தர் வரப்பில் நின்றிருந்தார். உடன், ஒரு ஜோடி மாட்டோடு வேறொருவர். ஆயுள் முழுவதும் கூலிக்கு உழுதவர். அந்த வயலையே குத்தகைக்குத் தருவதாகச் சொல்லி அழைத்து வந்திருந்தார்கள். எங்களைவிட அவருக்கு நிலம் அதிகம் தேவை என்பதை நான் அறியாதவனல்ல. அன்று அந்த எண்ணத்தை ஒதுக்கிவிட்டு அவருக்கு முன்னால் வயலில் இறங்கினேன்.

ஏரின் கொழு ஓரிடத்தில் ஆழமாகப் பதிந்தது, மற்றோரிடத்தில் மண்ணைத் தொடவே இல்லை. மாடுகள் என்னை இழுத்துக்கொண்டு போயின. பக்கத்து வாய்க்காலில் தூர்வாரிக்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

"என்ன தம்பி, பி.ஏ.வுல இப்படித்தான் உழச் சொல்லிக் குடுத்தாங்களா? பாம்பு போன தடமாட்டம் இருக்கே!" என்றார் காரியஸ்தர்.

"பாம்போ பல்லியோ, எங்க வீட்டுத் தடந்தானேங்க" என்றார் மாமா. பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

நான் மூன்றாம் சுற்றை முடித்ததும் காரியஸ்தர் தம்முடன் வந்தவரை இறங்கச் சொன்னார். அவர் வயலைப் பார்த்தார்.

"ஏர் விழுந்துட்டுதுங்க. இனிமே நான் எறங்குறது மொறையில்ல" என்று மாட்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

வைகாசி நடுவில் விசாரணை அதிகாரி வந்தார். குத்தகைதாரர் என்று சொல்லப்படுபவர் நாட்டிலேயே இல்லை என்று காரியஸ்தர் வாதிட்டார். அதிகாரி, தூர்வாரிய பெண்களை அழைத்து, நல்லேர் பூட்டியது யார் என்று கேட்டார். அவர்கள் என்னைக் காட்டினார்கள்.

"நிச்சயமாத் தெரியுமா?"

"அந்தக் கோண உழவ யாரு சார் மறப்பாங்க? போயித்தான் பாருங்களேன், இன்னும் அப்படியேதான் கெடக்கு" என்றாள் ஒருத்தி.

அதிகாரி போய்ப் பார்த்தார். தண்ணீர் வராத மண்ணில் என் மூன்று சுற்றும் அழியாமல் இருந்தன. அவர் முகத்தில் சிரிப்பு வந்ததா என்பதை நான் கவனிக்கவில்லை.

அப்பாவின் பெயர் பதிவேட்டில் ஏறியது. அதன்பின் அவர் இருமுறை பினாங்குக்குப் போனார். இனி ஏரை யார் பூட்டினாலும் குத்தகை அவருடையதே என்பதால், இரண்டு முறையும் மாதம் பார்க்கவில்லை. அவர் சித்திரையில் போயிருந்த ஆண்டு, எங்கள் வயலில் நல்லேர் பூட்டியவர், அன்று மாட்டைத் திருப்பிக்கொண்டு போன அந்த மனிதர். கூலிக்குப் பூட்டினார். அவர் பெயரில் எந்த நிலமும் பதிவாகவில்லை.